ஆரையம்பதிக் கிணற்றிலிருந்து உன்னிச்சைக்கு: எங்கள் ஓவசியரைக் கொண்டுபோன கதை

"உங்கள் வீட்டுக் கிணற்றில் ஆமை இருக்கிறதா?" என்று கேட்டு ஜூன் மாதம் எனக்கு ஒரு வாட்சப் செய்தி வந்தது. வெள்ளவத்தையில் நாலாம் மாடியில் குடியிருக்கிறவளிடம் கேட்கிற கேள்வியா இது? யார் யாரோ அனுப்பி, கடைசியில் என் மைத்துனி வழியாக வந்து சேர்ந்திருந்தது. மட்டக்களப்பில் ஒரு சின்னக் குழு, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஊர்வனவற்றோடு பழக்கம் ஏற்படுத்த விடுமுறையில் இரண்டு நாள் நிகழ்ச்சி நடத்துகிறது. முதல் நாள் பாம்பு, பல்லி, முதலை பற்றிய பாடம். இரண்டாம் நாள், மூடப்போகிற வீட்டுக் கிணறுகளில் இருந்து ஆமையை வெளியே எடுத்துக் குளத்தில் விடுகிற வேலை. இப்போது வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணீர் வந்துவிட்டதால் கிணறுகளுக்கு ஒவ்வொன்றாக மூடி விழுகிறது. ஆமை உள்ளே இருப்பது பல பேருக்கு நினைவே இல்லையாம்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். கிணறு வெட்டினால் தண்ணீர் துப்புரவாக இருக்க ஓர் ஆமையைப் பிடித்து உள்ளே விடுவது எங்கள் பக்கத்து வழக்கம். புழு, அழுகல், விழுகிற சருகு எல்லாவற்றையும் அது தின்று தண்ணீரைப் பார்த்துக்கொள்ளும் என்பார்கள். நகரத்துப் பிள்ளைகள் முகத்தைச் சுளிக்க வேண்டாம். அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் நான் இவ்வளவு பெரிதாக வளர்ந்திருக்கிறேன்.

எங்கள் ஆரையம்பதி வீட்டுக் கிணற்றிலும் ஒன்று இருந்தது. அதற்குப் பெயர் ஓவசியர். அப்பா வீதிப் பகுதிக் கந்தோரில் கிளாக்கர். அங்கே தெருவேலைகளை மேற்பார்க்கிற ஓவசியர் ஒருவர் இருந்தார். அவர் அதட்டினால் அப்பாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. எதிர்த்து ஒரு வார்த்தை பேசத் தெரியாத மனிதர் என் அப்பா. எனக்கு ஐந்து வயதாக இருந்தபோது கிணறு வெட்டி முடிந்தது. அப்பா வயல்வட்டைக்குப் போய்வருகிற ஒருவரிடம் சொல்லி ஒரு கல்லாமையை எடுப்பித்து, கிணற்றில் விட்ட கையோடு அதற்கு ஓவசியர் என்று பெயரும் வைத்துவிட்டார். அன்றிலிருந்து கந்தோர் விட்டு வந்ததும், சேட்டைக் கழற்ற முதலே கிணற்றுக்கட்டில் சாய்ந்து நின்று, "என்ன ஓவசியர், வேலை ஒண்டும் நடக்கிறதாத் தெரியல்லயே?" என்று ஒரு அதட்டுப் போடுவார். கிணறு அந்தக் குரலைப் பெரிதாக்கித் திருப்பி அனுப்பும். அம்மா குசினிக்குள் இருந்து சிரிப்பார். நானும் ஓடிப்போய் அப்பாவுக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டு கத்துவேன்.

அந்த வீட்டை விற்று இருபது வருடத்துக்கு மேல். அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. அந்த வீட்டில் எங்களோடு இருந்து, என் அப்பாவின் குரலைக் கேட்ட ஓர் உயிர் இன்னும் மிச்சம் இருக்குமென்றால் அது ஓவசியர் ஒருவர்தான். செய்தியைப் பார்த்தபோது இது மண்டையில் ஏறிக்கொண்டது, இறங்கவில்லை. உடனே அந்தக் குழுவுக்கு விலாசத்தை எழுதிப்போட்டேன். குழுவை நடத்துகிற துஷ்யந்தி ரீச்சர் மூன்றாம் நாள் போன் எடுத்தா. இப்போது அந்த வீட்டில் இருக்கிற தவமணி அக்காவோடு பேசிவிட்டாவாம். ஆமை உயிரோடு இருக்கிறதாம். ஆனால் ஆவணியில் மகளுக்குக் கலியாணம், பேரன் நடக்கத் தொடங்கிவிட்டான், ஆகவே ஓகஸ்ட் விடுமுறைக்குள் கிணற்றுக்குக் கொங்கிறீட் மூடி போடப்போகிறார்களாம். அதற்குள் எடுத்தால்தான் உண்டு.

என் மகள் ஆதிராவுக்கு ஒன்பது வயது. பிள்ளைக்காகப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, இருவருக்கும் ரிக்கெற் போட்டேன்.

கொழும்புக் கோட்டையில் இருந்து காலை ஆறு மணி தாண்டிப் புறப்படுகிற கோச்சியில், அதாவது ரயிலில், போனோம். இரண்டாம் வகுப்பு முன்பதிவு இருவருக்கும் மூவாயிரத்துச் சொச்சம். கட்டணம் மாறிக்கொண்டே இருக்கும், போக முதல் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று மணிக்கு மட்டக்களப்பு என்று போட்டிருந்தார்கள், நாங்கள் இறங்கியது நாலரைக்கு. வாழைச்சேனை தாண்டியதும் யன்னலால் வந்த காற்றில் வாவி மணம் கலந்திருந்தது, சேறும் உப்பும் மீனும் சேர்ந்த மணம். ஆதிரா மூக்கைப் பொத்தினாள். நான் தலையை வெளியே நீட்டிக்கொண்டு இருந்தேன். கல்லடியில் வாடகை அறை ஒரு நாளைக்கு ஐயாயிரம், நிலையத்தில் இருந்து ஓட்டோ ஐந்நூறு. ஓட்டோக்காரத் தம்பி முதலில் எண்ணூறு கேட்டார். நான் ஊர்த் தமிழில் ரெண்டு வார்த்தை பேசியதும், "நம்மட ஆளா? முதலே சொல்லக்கூடாதா அக்கா" என்று தானாகவே இறங்கிவந்தார்.

முதல் நாள் நிகழ்ச்சி எட்டரைக்கு ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் தொடங்கியது. பிள்ளை ஒன்றுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய், பகல் சாப்பாடு உட்பட. பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் இருந்தார்கள், காத்தான்குடி, ஏறாவூர், கல்லடி என்று எல்லாப் பக்கத்தாலும். பாம்பைக் கண்டால் என்ன செய்வீர்கள் என்று ரீச்சர் கேட்டதற்கு எல்லாரும் ஒரே குரலில், அடிப்போம் என்றார்கள். அவ கோபிக்கவில்லை. ஒரு சாரை கழற்றிவிட்டுப் போன சட்டையை மேசையில் நீளத்துக்கு விரித்துவைத்து, விருப்பமானவர்கள் தொட்டுப் பார்க்கலாம் என்றா. ஒருவரும் அசையவில்லை. பிறகு ஒரு விரல், மறுகா ஐந்து விரல். பத்து நிமிசத்தில் சட்டைக்குச் சண்டை.

துஷ்யந்தி ரீச்சரின் முறை எனக்குப் பிடித்தது. பயப்படாதே என்று அவ ஒரு தடவையும் சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு ஊர்வனவை அயலவராகத் தெரிவு செய்யவேண்டும், வீட்டு வளவில் இருக்கிறதாக இருக்கவேண்டும், அது என்ன செய்கிறது என்று பார்த்துவந்து சொல்லவேண்டும், அவ்வளவுதான். மற்றப் பிள்ளைகள் ஓணான், உடும்பு, கபரக்கொய்யா என்கிற தண்ணீர் உடும்பு என்று பிடித்துக்கொண்டார்கள். நாலாம் மாடிக்காரி என் மகளுக்குக் கிடைத்தது குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் இருக்கிற பல்லி. அவள் வெட்கப்பட்டாள். பல்லி கண்ணை நக்கித் துப்புரவாக்கும், அதைக் கண்டிருக்கிறாயா என்று ரீச்சர் கேட்டதும் வெட்கம் போய்விட்டது. பின்னேரம் வாவிக்கரையில் மீன் வெட்டுகிற இடத்தில் ஒரு கபரக்கொய்யா செதிலும் குடலும் தின்றுகொண்டிருந்ததையும், தூரத்தில் ஒரு முதலையின் தலை கட்டை மாதிரிக் கிடந்ததையும் காட்டினார்கள். எனக்கு ஒன்றும் மனதில் பதியவில்லை. நாளைக்கு எப்போது விடியும் என்று இருந்தது.

இரண்டாம் நாள் ஒன்பது மணிக்கு வான் வண்டியில் ஆரையம்பதி. டவுனில் இருந்து கல்முனை வீதியால் ஆறேழு கிலோமீற்றர்தான். எங்கள் ஒழுங்கை, காத்தான்குடியும் ஆரையம்பதியும் ஒட்டுகிற எல்லையில் இருக்கிறது. ஒழுங்கையில் இறங்கி நடந்தபோது கால் தானாகவே வேகம் பிடித்தது. வீட்டுக்கு முன்னால் போய் நின்று, இது இல்லை என்று நினைத்து அடுத்த வீட்டைப் பார்த்தேன். பிறகுதான் விளங்கியது. மாபிள் பதித்து, இரண்டு பக்கமும் மதில்வரைக்கும் அறை இழுத்து, எங்கள் வீட்டை அடையாளம் தெரியாமல் ஆக்கியிருந்தார்கள். நல்ல வீடுதான். நான்தான் பழைய வாசலைத் தேடிக்கொண்டு நின்றேன்.

தவமணி அக்காவுக்கு ஐம்பத்தைந்து இருக்கும். பலகாரம் சுட்ட எண்ணெய்க் கையோடு வந்து, எங்களை முன்வாசலால் உள்ளே எடுத்து, வீட்டுக்குள்ளால் பின்வளவுக்குக் கூட்டிப்போனா. பின்வளவில் மட்டும் ஒன்றும் மாறவில்லை. கிணறு அதே இடத்தில், அதே கட்டோடு இருந்தது. பக்கத்தில் ஒரு மேசன் மண்ணும் கல்லும் சீமெந்தும் குவித்து வைத்துக்கொண்டு குந்தியிருந்தார். மத்தியானத்துக்குள் மூடி போட்டுவிட்டு அவர் வேறு வேலைக்குப் போகவேண்டுமாம். எங்களைப் பார்த்த பார்வையில் அவ்வளவு சந்தோசம் இல்லை.

நான் கிணற்றுக்கட்டில் சாய்ந்தேன். கட்டின் உயரம் இப்போது இடுப்புக்குத்தான் வருகிறது. கீழே, ஓகஸ்ட் வெக்கையில் வற்றி, கறுப்பாகக் கொஞ்சத் தண்ணீர். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க வெட்கத்தை விட்டுக் கூப்பிட்டேன், "ஓவசியர்!" குரல் பெரிதாகித் திரும்பி வந்தது. வேறு ஒன்றும் வரவில்லை. இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டேன். பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். தண்ணீர் அசையவே இல்லை.

"தள்ளு புள்ள," என்று தவமணி அக்கா வந்தா. கிணற்றுக்கட்டில் கிடந்த சிரட்டையை எடுத்து மூன்று தட்டு. "சின்னப்புள்ள, வாகா, சோறு" என்று சாதாரணமாக, குசினிக்குள் ஆளைக் கூப்பிடுகிற மாதிரிச் சொன்னா. கறுத்தத் தண்ணீர் ஓரிடத்தில் விலகி, ஒரு சின்னத் தலை மேலே வந்தது. அவ ஒரு பிடி சோற்றைப் போட்டா. தலை அதைத் தின்றது.

எனக்கு வந்தது பொறாமை. வேறு சொல் இல்லை. கொழும்பில் இருந்து கோச்சி ஏறி வந்து, எங்கட ஆமை எங்கட ஆமை என்று எல்லாருக்கும் சொல்லித்திரிந்த எனக்கு, அதற்குச் சின்னப்புள்ள என்று ஒரு பெயர் இருப்பதே தெரியாது. நான் அந்த ஆமையோடு இருந்தது பதினாறு வருடம். தவமணி அக்கா இருபத்தொரு வருடம் சோறு போட்டிருக்கிறா. கணக்குப் பார்த்தால் அது யாருடைய ஆமை? வந்த முதல் நாளே கிணற்றுக்குள் இருந்து இது எட்டிப்பார்த்ததாம், இப்போது கலியாணம் முடிக்கப்போகிற மகள் அப்போது வயிற்றில் இருந்தாளாம், பிள்ளை பிறக்கிற மட்டும் பேச்சுத்துணைக்கு இதுதானாம். அவ சொல்லச் சொல்ல நான் சிரித்துக்கொண்டு நின்றேன், உள்ளுக்குள் எரிந்தது.

எடுக்கிற வேலை தொடங்கியது. ஒரு மீன்கூடைக்குள் சோற்றைக் கட்டி, கயிறு பூட்டி, தண்ணீருக்குள் இறக்கினார்கள். பிள்ளைகள் வரிசையாகக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். தவமணி அக்கா சிரட்டையைத் தட்டிக் கூப்பிட, ஆமை கூடைக்கு மேலே வந்தது, இழுத்தார்கள், பாதியில் சறுக்கித் தொபுக்கென்று விழுந்துவிட்டது. மேசன் மணிக்கூட்டைப் பார்த்தார். அடுத்த தடவை அது மேலே வர நீண்ட நேரம் எடுத்தது. ரீச்சர் பிள்ளைகளை மூச்சுக் காட்டாமல் நிற்கச் சொல்லி, மெல்ல மெல்ல இழுப்பித்தா. கூடை கட்டுக்கு மேலே வந்தபோது முதலில் வந்தது நாற்றம். கல்லாமை பயந்தால் அப்படித்தான் விடுமாம். பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுந்து பார்த்தார்கள்.

கறுத்த ஓடு, முதுகில் வரம்பு கட்டின மாதிரி மூன்று மேடு, தலையில் செம்மஞ்சள் புள்ளி. ரீச்சர் அதைத் தூக்கி வயிற்றுப் பக்கத்தைக் காட்டினா. ஆணுக்கு வயிற்று ஓடு குழிந்திருக்கும், பெண்ணுக்குத் தட்டையாக இருக்கும், இது என்ன என்று கேட்டா. எல்லாரும் தடவிப் பார்த்துவிட்டு, பொம்பிளை என்று கத்தினார்கள். ஆதிரா என்னைத் திரும்பிப் பார்த்தாள். தாத்தாவின் ஓவசியர் ஐயா ஒரு பெண். அப்பா இருந்திருந்தால் இதைக் கேட்டு எப்படிச் சிரித்திருப்பார் என்று நினைத்தேன், அப்போதுதான் பின்பக்கத்து ஓட்டு விளிம்பில் அந்த உடைவைக் கண்டேன். கட்டைவிரல் நகம் அளவு ஒரு துண்டு இல்லை. நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது அப்பா புது இரும்பு வாளியைக் கைநழுவ விட்டுவிட்டார், அது நேராக ஆமையின் முதுகில் விழுந்தது. அன்று பொழுதுபடும்வரைக்கும் அப்பா கிணற்றுக்கட்டை விட்டு நகரவில்லை. "தெரியாமல் நடந்திட்டு சேர், மன்னிச்சுக்கொள்ளுங்க" என்று கிணற்றுக்குள் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த உடைவில் விரலை வைத்துக்கொண்டு நான் அழுதேன். பிள்ளைகள் நாற்றத்தில்தான் கண் கலங்குகிறது என்று நினைத்திருப்பார்கள்.

இனி வானுக்குக் கொண்டுபோக வேண்டியதுதான் என்று ஒரு பிளாஸ்ரிக் பேசினுக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு, வந்த வழியே வீட்டுக்குள் கால் வைக்கப் போனேன். தவமணி அக்கா கதவை மறித்து நின்றா.

"குறை நினைக்காத புள்ள. ஆமை வீட்டுக்குள்ள வரக்கூடாது."

எனக்கு அது மறந்தே போயிருந்தது. எங்கள் பக்கத்தில் ஆமை கிணற்றுக்குள் இருந்தால் வீட்டு ஆள். வாசற்படி ஏறினால் வீட்டுக்கு ஆகாது. கலியாணம் வைத்திருக்கிற வீடு என்றால் கேட்கவே வேண்டாம். சுற்றிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் அறைகள் மதிலோடு ஒட்டிவிட்டன, பின்னால் மற்ற வளவுக்காரரின் கட்டிடம். வீட்டுக்குள்ளால் போகாமல் தெருவுக்குப் போக வழியே இல்லை. கிணற்றுக்குள் திருப்பிப் போட்டால் மத்தியானம் மூடி விழும். மேசன் கல்லும் மண்ணும் குழைக்கத் தொடங்கிவிட்டார்.

பிள்ளைகள் யோசனை சொன்னார்கள். பையில் போட்டு மறைத்துக் கொண்டுபோகலாம் என்றது ஒன்று. தேங்காய் என்று சொல்லிக்கொண்டு போகலாம் என்றது இன்னொன்று. ஏறாவூர்ப் பிள்ளை ஒன்று, இதெல்லாம் சும்மா கதை, ஆமை ஒன்றும் செய்யாது என்றது. தவமணி அக்காவின் முகம் வாடிவிட்டது. "எனக்குத் தெரியாதா மகள், இது ஒண்டும் செய்யாதெண்டு? கலியாணத்துக்குப் பிறகு அவளுக்கு ஒரு தலையிடி வந்தாலும் ஆக்கள் இதைத்தான் சொல்லுவாங்க. அதுதான் எனக்குப் பயம்," என்றா. கண்ணைச் சேலைத் தலைப்பால் துடைத்தா. ரீச்சர் பாடம் எடுக்கப்போகிறா என்று நான் பயந்தேன். அவ பிள்ளைகளிடம் திரும்பி, இது அவட வாசல், நாங்கள் வேறு வழி பார்ப்போம் என்று மட்டும் சொன்னா.

அப்போது மதிலுக்கு அங்கால் இருந்து ஒரு குரல், என்ன தவமணி அங்க சத்தம் என்று கேட்டது. அது பரீதா ராத்தா. காத்தான்குடிப் பக்கத்து வளவு அவவுடையது, இரண்டு தறி வைத்து நெசவு செய்கிறா. அந்த மதில் நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது இல்லை, கிடுகு வேலிதான் இருந்தது. தொண்ணூறுகளில், தமிழரும் முஸ்லிம்களும் பிரிந்துபோன காலத்தில் எழும்பிய மதில். ஏன் என்று எங்கள் ஊரில் யாரும் கேட்கமாட்டார்கள். மதிலுக்கு மேலால் கறிவேப்பிலை போகும், நெத்தலிக் கருவாடு வரும், நோம்புக் கஞ்சி வரும். ஆனால் இருபத்தொரு வருடத்தில் இவ அவவின் வீட்டுக்குள்ளோ, அவ இவவின் வீட்டுக்குள்ளோ கால் வைத்ததில்லை. சண்டை ஒன்றும் இல்லை. போகவில்லை, அவ்வளவுதான்.

தவமணி அக்கா கிணற்றுக்கட்டில் ஏறி நின்று கதையைச் சொன்னா. அங்கால் ஓடிக்கொண்டிருந்த தறி நின்றது. 

"எங்களுக்கு அதில ஒண்டுமில்லகா," என்றா பரீதா ராத்தா. "இஞ்சால தாங்க."

ரீச்சரும் நாலைந்து பிள்ளைகளும் இந்தப் பக்கம் நிற்க, நானும் ஆதிராவும் மற்றவர்களும் முன்வாசலால் இறங்கி, ஒழுங்கையைச் சுற்றி, ராத்தா வீட்டு வாசலால் உள்ளே போனோம். தறி போட்டிருந்த கூடத்தைத் தாண்டிப் பின்வளவு. மேசனே ஏணியில் ஏறி, பேசினை மதிலுக்கு மேலால் நீட்டினார். நான் வாங்கினேன். எவ்வளவு பாரம்! ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டு கல் மாதிரிக் கிடந்தது. அதைச் சுமந்துகொண்டு பாவு விரித்த தறிக்கும் சுவருக்கும் இடையால் நடக்கிறேன், அந்த நேரம் பார்த்து நாற்றத்தை விட்டது. வீடு நிறைந்துவிட்டது. எனக்கு உயிர் போனது. ராத்தா முக்காட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தா. கலியாண வீடு மணக்கவேணும் எண்டுதான் இதை என்ட வீட்டுக்கு அனுப்பினவ போல என்றா. வாசலில் தவமணி அக்கா நின்றுகொண்டிருந்தா. செருப்பைக் கழற்றிவிட்டு, வாறதா விடுறதா என்று யோசித்துக்கொண்டு நின்றவவை, ராத்தா கையைப் பிடித்து உள்ளே இழுத்தா. எங்கள் எல்லாருக்கும் இஞ்சித் தேத்தண்ணி கிடைத்தது. தவமணி அக்கா பேசினுக்குள் கைவைத்து அந்த ஓட்டைத் தடவிக்கொண்டே இருந்தா. பலகாரம் அடுப்பில், மேசன் வளவில். அவவால் எங்களோடு வரமுடியவில்லை.

ஆரையம்பதியில் இருந்து டவுன் வந்து, வலையிறவுப் பாலம் தாண்டி, வவுணதீவு, ஆயித்தியமலை வழியாக உன்னிச்சைக் குளம். கிட்டத்தட்ட முப்பத்தைந்து கிலோமீற்றர், ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். வழி நெடுக வட்டைகளில் சிறுபோக அறுவடை நடந்துகொண்டிருந்தது. பேசின் என் மடியில் இருந்தது. பாதி வழியில் அது தலையை நீட்டி என்னைப் பார்த்தது. நான் யாருக்கும் கேட்காமல், "என்ன ஓவசியர்" என்று சொல்லிப் பார்த்தேன். தலை உள்ளே போய்விட்டது.

குளத்தில் வனஜீவராசிகள் அலுவலர் ஒருவர் காத்துக்கொண்டு நின்றார். அனுமதி எல்லாம் ரீச்சர் முதலே எடுத்திருந்தா. அணைக்கட்டில் இருந்து கொஞ்சம் தள்ளி, புல்லும் தாமரையும் அடர்ந்த ஆழமில்லாத ஓரத்தில் இறக்கிவைத்தோம். அது அசையவில்லை. பிள்ளைகள் மண்ணில் குந்தினார்கள். மேலே இவ்வளவு பெரிய வானத்தை அது முப்பத்தேழு வருடமாகக் கண்டதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாங்கள் நல்லது என்று நினைத்துத்தான் செய்தோம், அப்பாவும் அப்படித்தான் செய்தார். இருந்தாலும் அதற்கு அது என்ன வாழ்க்கை? அதட்டு வாங்கிக்கொண்டு, சோறு தின்றுகொண்டு, கையகல வெளிச்சத்தில்.

நீண்ட நேரத்துக்குப் பிறகு கால்கள் வெளியே வந்தன. நேரே தண்ணீருக்குப் போகவில்லை. என் பாவாடை நிழலுக்குள் வந்து கொஞ்சம் நின்றது. அது என்னைத் தேடி வரவில்லை, இருட்டைத் தேடி வந்தது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நான் அசையாமல் நின்றேன், கால் மரத்துப்போனது. ஆதிரா மெல்லச் சொன்னாள், "அம்மா, நீங்க தள்ளினாத்தான் அது போகும்." நான் பின்னால் ஓரடி வைத்தேன். வெயில் பட்டதும் அது திரும்பி, புல்லை விலக்கிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கியது. ஒரு தடவைகூட மேலே வரவில்லை.

போக நினைக்கிறவர்களுக்குச் சில விசயங்கள். நிகழ்ச்சி பள்ளிக்கூட விடுமுறைகளில் மட்டும்தான். டிசம்பர், ஜனவரி வேண்டாம், மழையில் கிணறு நிரம்பியிருக்கும், பாதை சேறு. பிள்ளைக்கு எட்டு வயதாவது ஆகியிருக்கவேண்டும், மூடிய சப்பாத்தும் தொப்பியும் கட்டாயம். கழுவ முடியாத உடுப்பு போடவேண்டாம், ஏன் என்று மேலே வாசித்திருப்பீர்கள். உன்னிச்சையில் கரையோடு நில்லுங்கள், முதலை இருக்கிற குளம், குளிக்கிற எண்ணமே வரக்கூடாது. டவுனில் இருந்து பஸ் இருக்கிறது, ஆனால் பின்னேரம் திரும்பி வர நம்பமுடியாது, வான் பிடித்துப் போய் வர எங்களுக்கு எட்டாயிரம் முடிந்தது. முக்கியமாக, உங்கள் வீட்டுக் கிணற்றை மூடப்போகிறீர்கள் என்றால் முதலில் ஒரு சிரட்டையால் தட்டிப் பாருங்கள். ஆமை இருந்தால் நீங்களாகவே கண்ட இடத்தில் கொண்டுபோய் விடாமல் வனஜீவராசிகள் கந்தோருக்குச் சொல்லுங்கள். தரை ஆமையைத் தண்ணீரில் போட்டுச் சாகடித்த நல்ல மனிதர்களும் இருக்கிறார்களாம்.

திரும்பி வர வானில் ஏற முதல், அணைக்கட்டில் நின்று தவமணி அக்காவுக்குப் போன் எடுத்தேன். கிணறு மூடியாச்சாம், மேசன் போய்விட்டாராம். விட்டாச்சா, எப்படிப் போனது, திரும்பிப் பார்த்ததா என்று கேட்டா. பொய் சொல்லாமல், பார்க்கவில்லை என்றேன். எந்தக் குளம் என்று கேட்டா. உன்னிச்சை என்றேன். 

"உன்னிச்சையா? எங்கட பைப் தண்ணி அங்கயிருந்துதானே வாறது?"

"ஓம் அக்கா."

"அப்ப யோசிக்காத புள்ள," என்றா. "அங்கயிருந்தும் எங்கட தண்ணியத்தானே பார்த்துக்கொள்ளப்போகுது."